பச்சைப் பட்டையும் ஒரு குவளைத் தண்ணீரும்

தண்ணீருக்கு நன்றி, ஐயா. கானாவில், அதுவும் நம் குமாசியில், வந்தவருக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் விசாரணை. மருத்துவமனை விசாரணைக் குழுவிலும் அந்த மரியாதை தப்பாதது மகிழ்ச்சி. "என்ன சேதி?" என்று கேட்டீர்கள். "பொகோ" என்றேன். எல்லாம் அமைதி. வீடு பற்றியெரிகிறது என்று ஓடிவந்தவனும் எங்கள் ஊரில் அதைத்தான் முதலில் சொல்வான். உண்மைச் சேதி அதற்கப்புறம். நீங்களும் எதையும் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறீர்கள்.

சொல்கிறேன். அவசரப் பிரிவுக்கு நான் தலைவனாக வந்தபோது தலைவலிக்கு ஸ்கேன், ஏப்பத்துக்கு இசிஜி. இளம் டாக்டர்களுக்குப் பயம். நோயாளிகளுக்கோ இயந்திரம் தொட்டால்தான் வைத்தியம். நிஜமாகவே சாகிறவர்கள் தாழ்வாரத்தில் கிடந்தார்கள். நன்றாக விசாரித்து, நாடி பார்த்து, ஆபத்தில்லாதவருக்கு மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். நல்ல யோசனைதான். இப்போதும் சொல்வேன்.

அச்சியா எதிர்வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். என் தொப்பையில் பாதி அவளுடைய வேர்க்கடலைச் சூப். அடிக்கடி நெஞ்சு வலி என்று வருவாள், இசிஜி சுத்தமாக இருக்கும், போவாள். ஒருநாள் எங்களிடமிருந்த ஒரே இசிஜி இயந்திரத்தின் ஒயர்கள் அவள் நெஞ்சில் ஒட்டியிருந்தன. எங்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அதோம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். "பெரியவங்களுக்கு முடியட்டும் டாக்டர், நான் நம்ம ஆளுதானே" என்றான். நானும் சரி என்றேன். அவன் முறை வருவதற்குள் செத்துப்போனான். அவள் இசிஜி வழக்கம்போலச் சுத்தம்.

நான் யாரையும் திட்டவில்லை. மறுநாளும் அவள் கடையில்தான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி.

அடுத்த தடவை அவசரப் பிரிவுக்கு வந்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது. நானே தண்ணீர் கொடுத்தேன்.

"என்ன சேதி அம்மா?"

"பொகோ, மகனே. என்ன, தொப்பை வாடியிருக்கு? வேற கடையில கை நனைச்சியா?"

பச்சைப் பட்டையைக் கட்டினேன்.

நர்ஸ் சர்போமா என் பக்கம் குனிந்தாள். "டாக்டர், அவங்க இன்னும் சேதியே சொல்லலையே."

"அமைதின்னு சொல்லிட்டாங்களே. நாம எதுக்குக் கிளறணும்?"

அச்சியா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பச்சைன்னா நல்ல நிறந்தானே? மகன் சொன்னா சரி." எழுந்தவள் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். வாசல் பெஞ்சு வரைக்கும்தான் போக முடிந்தது.

வெளிநாட்டு டாக்டர் செய்திருந்தால் தெரியாமல் செய்த பிழை என்பீர்கள். நான் இந்த ஊரில் பிறந்தவன். பொகோ என்பது பதில் அல்ல, கதவு திறக்கும் சத்தம். அது எனக்குத் தெரியும். அன்று இசிஜி இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் சும்மாதான் நின்றது. அதோமுக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்க வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்துத்தான் கட்டினேன். அவளைக் கொன்றது நான்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன பொகோவையே எழுதி, எனக்கும் ஒரு பச்சைப் பட்டை கட்டி அனுப்பியிருக்கலாம், ஐயா. என்னைப் போல ஆபத்தில்லாத ஆளுக்கு இவ்வளவு கவனிப்பு வீண்.