ஆறாவது ஆள்

இல்லை, அதில இருக்காதேங்கோ, அந்தக் கதிரை ஆட்டம். இதில இருங்கோ. கோப்பி ஓசிதான், மெசினில அமத்தினா வரும். நான் ரெண்டு குடிச்சிட்டன். ஓம், ஊர் கேட்டனியள் என்ன? சொல்லுறன், சொல்லுறன். எங்கட ஆக்களுக்கு வந்து குந்த முதல் ஊர் கேக்கவேணும். கோவிக்காதேங்கோ, பகிடிக்குச் சொன்னனான்.

அந்தப் பெரிய ஹோலில அருமைராசா ஐயாதானே? நீங்கள் அவருக்கு என்ன முறை? மருமோன்ர தமையனோ. நல்லது. சனமெண்டாச் சொல்லி வேலையில்லை. ரொறன்ரோவில இருந்து ஒரு பஸ்ஸே வந்திருக்கு, பாத்தனான். இந்தக் குளிருக்க கார் விட இடமில்லாமல் றோட்டுக்கு அங்காலையும் நிக்கினம். இந்த ஃபியூனரல் ஹோம்காரன் இப்பிடிச் சனத்தைக் கண்டிருக்க மாட்டான்.

எனக்கு மானிப்பாய்ப் பக்கம். உள்ளுக்க ஒரு சின்னக் குறிச்சி. கோயிலுக்கு எந்தப் பக்கம் எண்டு அடுத்ததாக் கேப்பியள். பாத்தியளே, வாயைத் திறந்திட்டியள்! பத்தொன்பது வருசமா நான் அதுக்கு வடக்கு வீதி எண்டுதான் சொல்லிவந்தனான். பேரின்பநாதன் வாத்தியாருக்குச் சொந்தம் எண்டு. பொய். நாங்கள் குளத்தடி. அப்பா ஊருக்கு உடுப்பு வெளுத்தவர். கதிரையைத் தள்ளிப் போட்டு இருக்கிறதெண்டா இருங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. கோப்பி ஆற முதல் குடியுங்கோ.

எண்பத்தேழில வந்தனான். இஞ்ச, செயின்ட்-மிஷேலில ஒரு நிலக்கீழ் அறை, எட்டுப் பேர் நாங்கள். முதல் நாள், எனக்குச் சோத்தைப் போட்டுத் தந்துகொண்டே கேட்டவங்கள். எந்த ஊர், எந்தப் பக்கம், ஆற்ர பிள்ளை. பசி. கோப்பை கையில. வாய் தன்ர பாட்டில வடக்கு வீதி எண்டு சொல்லிப்போட்டுது. பேந்து எப்பிடி மாத்திறது? ஒருத்தனும் சந்தேகப்படேல்லை. ஏனெண்டு சொல்லுங்கோ பாப்பம்? வாத்தியார் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாத ஒண்டுமில்லை. அழுக்குடுப்பு மூட்டை தூக்கினவனுக்கு எல்லாம் தெரியும். எந்தப் பிள்ளை எப்ப பெரிசானது, ஆருக்கு இருமல்ல ரத்தம் வருது, புருசன் பெண்சாதி ஆர் தனித்தனியப் படுக்கினம், எல்லாம். வாத்தியாற்ர சொந்த மோன் வந்து சொல்லியிருந்தாலும் என்னைப்போலச் சொல்லியிருக்க மாட்டான்.

தொண்ணூறில மனிசியையும் மகளையும் கூப்பிட்டனான். மனிசிக்கும் பாடமாக்கிக் குடுத்தாச்சு. அவவுக்குக் கிரி எண்டு ஒரு தம்பி. ஒரே தம்பி. அவன் தொண்ணூற்றிரண்டில வந்து இறங்கினான். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில, சனத்துக்க, அத்தான் எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடி வாறான். எனக்குப் பக்கத்தில பெரிய பெரிய ஆக்கள். கிரி எந்தக் குறிச்சி எண்டு தெரிஞ்ச ஒருத்தரும் அதுக்க நிக்கிறார். தம்பி, நீர் ஆள்மாறி வந்திட்டீர் போல எண்டு சொன்னனான். அவன் தமக்கையைப் பாத்தான். அவ மகளின்ர தலைமயிரைத் தடவிக்கொண்டு கீழ பாத்தபடி நிண்டவ. அவன் திரும்பிப் போனவன் போனவன்தான். மற்ற வருசம் ரொறன்ரோ போட்டான் எண்டு கேள்விப்பட்டம்.

ஓம், பாவம்தான். ஆர் இல்லையெண்டது?

அப்ப மகளுக்குப் பள்ளிக்கூடத்தில இடைக்கால ஐரோப்பா எண்டு ஒரு பாடம். புத்தகத்தில கோபுரம் மாதிரி ஒரு படம். உச்சியில ராசா, கீழ பிரபுக்கள், அதுக்குக் கீழ குதிரைவீரர், அடியில நிலத்தோட கட்டிவைச்ச சனம். காணி கைமாறினா அந்தச் சனமும் சேந்து கைமாறுமாம். பிரெஞ்சில வாசிச்சு வாசிச்சு எனக்குத் தமிழில சொல்லுறாள், பெரிய அதிசயம் கண்டவள் மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கட அப்பாவுக்கு வெளுக்கிறதுக்குப் பதினெட்டு வீடு. வாத்தியாற்ர தகப்பனார் செத்து, மூண்டு பொடியளும் காணி பிரிக்கேக்க எங்களையும் பிரிச்சவை. மூத்தவருக்கு அப்பா, மற்ற ரெண்டு பேருக்கும் சித்தப்பாமார். செத்தவீடெண்டா நாங்கள் போய்ப் பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டவேணும், பிரேதம் போற பாதையில சேலை விரிக்கவேணும். அவை அதில நடந்து முடிய, பின்னால சுருட்டி, வேலியோரமா ஓடி, முன்னால திருப்பி விரிக்கவேணும். சுடலை மட்டும். பத்து வயசில நான் ஓடினனான். மகள் கேட்டாள், அப்பா எங்கட ஊரிலயும் இப்பிடிப் படிப்படியா வைச்சிருந்தவையோ எண்டு. சீச்சீ, அது வெள்ளைக்காரற்ர வேலை, நாங்கள் எல்லாரும் ஒண்டு எண்டனான். பிள்ளை அதை நம்பிக் கொப்பியில எழுதினது.

சிரிக்கிறியள் என்ன? சிரியுங்கோ. நானும் சிரிச்சனான்.

பேந்து அவளுக்குக் கலியாணம் பொருந்திச்சு. பொடியன் ஆக்கள் ஆத்துக்கு அங்கால புரோசார்டில இருக்கினம், நல்ல சனம், ரெண்டு பேரும் தாங்களா விரும்பினது. அப்பிடியிருந்தும் அவை விசாரிக்கத்தானே வேணும். ஊருக்கு ஒரு ஃபோன். ஒரே ஒரு ஃபோன். கலியாணம் கலைஞ்சது ஒரு பக்கம். பத்தொன்பது வருசமா என்ர வீட்டில சாப்பிட்ட சனம், மகள் பெரிசாகிச் செய்த சாமத்தியவீட்டில முன்வரிசையில இருந்த சனம், ஒருத்தரும் வந்து ஏசேல்லை, ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ஃபோன் எடுக்கிறதை விட்டிட்டினம், அவ்வளவுதான். ஏசியிருந்தா மனுசரோட இருந்த மாதிரி இருந்திருக்கும். மகள் ஒண்டுதான் கேட்டவள். மற்றவைக்குச் சொன்னது சரியப்பா, எனக்கேன் சொன்னனியள் எண்டு. கஜந்தினி எண்டு பேர் அவளுக்கு. ரெண்டு வருசமா என்னோட பிரெஞ்சுதான் கதைக்கிறாள். எனக்கு அது பாதி விளங்காது, அவளுக்கும் அது தெரியும்.

மனிசி மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. தம்பியைப் பற்றியும் சொல்லேல்லை, மகளைப் பற்றியும் சொல்லேல்லை. நான் வேலையால வரச் சோத்தைப் போட்டுத் தருவா. என்னைத் திட்டியிருந்தா எனக்கு எவ்வளவு லேசாயிருந்திருக்கும்.

மணி என்ன உங்களுக்கு? ரெண்டேகாலோ? எங்களுக்கு ரெண்டரைக்கு. இல்லையில்லை, நான் அருமைராசா ஐயாவுக்கு வரேல்லை. கழுவுற இடத்துக்குப் பக்கத்தில ஒரு சின்ன அறை இருக்கெல்லே, அதில கிடக்கிறது மனோகரி. என்ர மனிசிதான். செவ்வாய்க்கிழமை காலமை நெஞ்சுக்க நோகுது எண்டவ. கிரிக்கு ஃபோன் அடிச்சுச் சொன்னனான், அக்கா போட்டா எண்டு. எனக்கு அக்கா செத்துப் பதினாறு வருசம் எண்டிட்டு வைச்சிட்டான்.

இப்ப என்னெண்டா, பெட்டிக்கு ஆறு கைபிடி. தள்ளுவண்டியில வைச்சு உருட்டலாம் எண்டு இஞ்ச வேலைசெய்யிறவன் சொன்னவன். நான் மாட்டன் எண்டிட்டன். எத்தினை பேருக்கு எங்கட ஆக்கள் பாதை விரிச்சவை, இவ ஒருத்தி சில்லில போறதோ? நான், மகள், கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரன், டவுன்டவுன் சாப்பாட்டுக்கடையில என்னோட கோப்பை கழுவுற வங்காளிப் பொடியள் ரெண்டு பேர். அஞ்சு. ஒராள் காணாது. வாசலில இருந்து கார் மட்டும் இருவது அடிதான். எரிக்கிற இடத்துக்கு வரத் தேவையில்லை. நீங்கள் ஒரு பக்கம் பிடிச்சா...

ஓ. ஓம், ஓம். உங்கட ஆக்கள் வெளியில நிண்டு சிகரெட் பத்தினம், பாப்பினம். விளங்குது. ஐயோ, மன்னிப்பொண்டும் கேக்காதேங்கோ. சும்மா கேட்டுப் பாத்தனான். போங்கோ, அங்க தேவாரம் தொடங்கீட்டினம் போல. நில்லுங்கோ, கையில மாலை வைச்சிருக்கிறியள், அந்தக் கதவு சரியான பாரம். நான் பிடிக்கிறன், நீங்கள் போங்கோ.