நடுங்குகிற குஞ்சுகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, பிற்பகல் வரை கோழிக் கண்காட்சியின் நடுவர், பின்பக்கக் கூண்டுகளில் வளர்ந்த கோழிகள், குளிரறையில் ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகள். நடுவரை நீங்கள் விசாரிக்காமல் விட்டுவிடலாம். நல்ல மனிதர். கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காரணம் கேட்கிறீர்கள். காரணம் இறகுதான். அதைப் புரியவைக்காமல் மற்றதைச் சொன்னால் என்னைக் கிறுக்கன் என்று எழுதிவிடுவீர்கள்.

சுருள் இறகுக் கோழியைப் பார்த்திருப்பீர்களோ என்னவோ. இறகு உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். புயலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்தது போல இருக்கும். அழகுதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம். சுருளுக்கான மரபணு தாய், தகப்பன் இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து வந்தால் மட்டுமே அந்த அழகு. இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால் சுருள் மிஞ்சிப்போகும். இறகு காய்ந்த வைக்கோல் மாதிரி ஒடியும். கோழி பாதி அம்மணமாகத் திரியும். சுருளோடு சுருளைச் சேர்த்தால் குஞ்சுகளில் கால் பங்கு இப்படி, கால் பங்கு சாதாரணக் கோழி, மீதிதான் உருப்படி.

அதனால் சுருளைத் தனி இனமாக யாராலும் பதிவு செய்ய முடிந்ததில்லை. பெற்றோரைப் போலவே எல்லாக் குஞ்சும் இருக்க வேண்டும் என்பது கோழி வளர்ப்போர் சங்கத்தின் விதி. நான் அதைச் செய்து காட்ட நினைத்தேன். இரட்டைச் சுருளும் வேண்டும், இறகும் ஒடியக் கூடாது. வழி இல்லாமல் இல்லை. சுருளின் வேகத்தைத் தணிக்கிற இன்னொரு மரபணு சில கோழிகளில் ஒளிந்திருக்கும். அதுவும் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் இறகு கெட்டிப்படும். ஆனால் எந்தக் குஞ்சில் சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இறகு முளைக்கிற வயதில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

குளிரில் வைத்தால் தெரிந்துவிடும். இறகு ஒடிகிற குஞ்சு குளிரைத் தாங்காது.

எங்கள் வீட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு மீன் வியாபாரி இருந்தார். அவர் கட்டிய குளிரறை அப்படியே இருந்தது. கனத்த கதவு, வெளியே குளிரைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. எனக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்ததும் குஞ்சுகளைப் பெட்டியோடு உள்ளே வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். பிற்பகல் எழுந்து பார்ப்பேன். உயிரோடு இருப்பது வம்சத்துக்கு, மற்றது குப்பைக்கு. ஒரு குஞ்சின் கழுத்தைக்கூட நான் என் கையால் திருகியதில்லை. சிலர் தண்ணீரில் அமுக்குவார்கள். எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

தங்கை என்னிடம் வந்து சேர்ந்தது அவள் புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு. கைப்பக்குவம் உண்டு. வாயும் உண்டு.

"கோழிக்கு முடி சுருட்டுற நேரத்துல உன் தலையக் கொஞ்சம் கவனிச்சிருந்தா, எனக்கு ஒரு அண்ணி வந்திருப்பா" என்பாள்.

"வந்திருந்தா உன்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா" என்பேன்.

இரண்டு பேரும் சிரிப்போம். எங்களுக்குள் பகை என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் அது பொய்.

ஒரே ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சாக வேண்டிய அளவுக்குக் குஞ்சுகள் சாகவில்லை. குளிர் போதவில்லை என்று திருகைத் திருப்பிக் குளிரைக் கூட்டினேன். அடுத்த ஈட்டில் பொரித்த குஞ்சுகளிலும் அதே கதை. இன்னும் கூட்டினேன். கொஞ்சம் செத்தன, ஆனாலும் நிறையப் பிழைத்தன. வம்சம் இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிழைத்தவற்றைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து, எதன்மேலும் உரசாமல், கையால்கூடத் தொடாமல் வளர்த்தேன். காட்சிக்குப் போகிற கோழியைத் தொடக் கூடாது. பிறகு சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். நடுவரே வீட்டுக்கு வந்தார்.

கூண்டுகளைச் சுற்றி வந்தவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "கிழக்கையும் மேற்கையும் சுத்திட்டேன் தம்பி, இப்படி ஒண்ணப் பாத்ததில்ல" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. படிப்பைப் பாதியில் விட்டவனிடம் யார் சொல்வார்கள். பிறகு நல்ல சேவல் ஒன்றை வெளியே எடுத்து, எதிர்ப்பக்கமாக ஒருமுறை தடவினார். இறகு அவர் கையோடு வந்துவிட்டது. இன்னொருமுறை தடவினார். முதுகு வெளுத்துத் தெரிந்தது.

அடுத்த கூண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"சமையலுக்கு முன்னாடியே உரிச்சு வெச்சிட்டீங்க போல" என்றார். புண்படுத்தச் சொன்னதல்ல, சங்கடத்தில் சொன்னது. சட்டையில் ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்று நான் தூங்கவில்லை. நடுவர் வருகிறார் என்று காலையிலிருந்தே விழித்திருந்தேன். தங்கை சமையலறைக்கும் குளிரறைக்கும் நடுவில் கால் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். அவர் போனதும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"உள்ள இருக்கறதுங்க செத்துடும். இன்னைக்கு நீ தூங்கல. என்னால எடுக்க முடியல."

"எத எடுக்க முடியல?"

"குஞ்சுங்கள. நீ தூங்கினதும் எடுத்துட்டு வந்து அடுப்புப் பக்கத்துல வெச்சிருப்பேன். நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி திரும்பக் கொண்டுபோய் வெச்சிடுவேன். முதல் ஈட்டுலேர்ந்தே அப்படித்தான். தெரிஞ்சா கத்துவன்னு சொல்லல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் எப்படி? சந்தேகப்படுவல்ல. நடுங்கறத மட்டும் எடுப்பேன். நல்லா நிக்கறத விட்டுடுவேன்."

கண்ணில் ஒரு பெருமை இருந்தது. நாலு உயிரைக் காப்பாற்றியவளின் பெருமை.

நீங்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடுங்கியவை இறகு ஒடிகிற குஞ்சுகள். அவை அடுப்படியில் சுகமாக இருந்தன. நடுங்காமல் நின்றவைதான் நான் தேடியவை. அவை மட்டும் உள்ளே இருந்தன. பிழைப்பது அதிகமாக இருக்கிறதே என்று நான் குளிரைக் கூட்டக் கூட்ட, செத்தவை அவைதான். ஒளிந்திருந்த அந்த மரபணு எங்கள் வீட்டுக்கு வந்தது, குப்பைத் தொட்டிக்குப் போனது. குப்பையாக வேண்டியதிலிருந்து நான் வம்சம் வளர்த்திருக்கிறேன். உண்மையில் குஞ்சுகளைக் கொன்றது அவள்.

அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோயிருப்பாள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"இன்னொரு வாட்டி முதல்லேர்ந்து பண்ணலாம்ணா" என்று என் கையைப் பிடித்தாள். "நான் குறுக்க வரல. இந்த ஒரு பெட்டிய மட்டும் விட்டுடு."

"கடைக்குப் போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் கதவத் திறக்காத" என்றேன். சரி என்றாள். நான் விழித்திருக்கும்போது அவள் என் பேச்சை மீறியதே இல்லை.

அந்தக் கதவுக்கு அதுநாள்வரை பூட்டு கிடையாது. வெளியே ஒரு கொக்கி மட்டும், அதையும் யாரும் போடுவதில்லை. இரும்புக் கடைக்காரர் பூட்டை எடுத்து வைத்துவிட்டு, "கோழி வீட்டுக்கா? திருட்டா?" என்று கேட்டார். ஆமாம், உள்வீட்டுத் திருட்டு என்றேன். "அப்பப் பெருசா வாங்கிக்கங்க" என்று வேறொன்றைக் காட்டினார். அதை வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருகைத் திருப்பிக் குளிரைக் கடைசிவரை கூட்டினேன்.

அதன்பிறகு எனக்குப் பதற்றம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. சாப்பிட்டேன், வேலைக்கு நேரத்தோடு போனேன். முகம் தெளிவாக இருக்கிறதே, நடுவர் பரிசு கொடுத்துவிட்டாரா என்று மேற்பார்வையாளர்கூடக் கேலி செய்தார். காலையில் வந்து நானேதான் உங்களுக்குப் போன் செய்தேன். ஆகவே நான் ஓடி ஒளியவில்லை. ஒரு விஷயத்தை வெளியிலிருந்தே பார்த்து இரக்கப்படுகிறவர்களுக்கு அது என்னவென்று தெரிவதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. தாக்குப் பிடிப்பாள் என்றுதான் இருந்தேன்.

நடந்தது இதுதான். நான் பூட்டோடு கடையிலிருந்து வந்தபோது அவள் அடுப்பைப் பற்றவைத்து, பக்கத்தில் பழைய துணிகளை விரித்து வைத்துக் காத்திருந்தாள்.

"இனிமே ஒளிச்சு ஒளிச்சு எடுக்க வேண்டாம்" என்றேன். "போய் எடுத்துக்கோ."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நீ நல்லவண்ணா. வெளியதான் முறைப்பு" என்று சொல்லிவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். பெட்டி அறையின் கோடியில் இருந்தது. குனிந்து எண்ணத் தொடங்கினாள். நான் கதவைச் சாத்தினேன். கனமான கதவு, சத்தம் வராது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

"அண்ணா, கதவு சாத்திக்கிச்சு." சிரிக்கிற குரல்.

"ஆமாம்மா" என்றேன். "குஞ்சுங்கள நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கோ. அதுங்களுக்குக் கதகதப்பா இருக்கும்."

சொல்லிவிட்டுக் கொக்கியைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினேன்.