கிழக்குப் பார்த்த கேட்

கேமரா வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் எத்தனை மெகாபிக்சல் என்றுதான் கேட்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. எண் பெரிதாக இருந்தால் படமும் நன்றாக இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு.

நான் இருபது வருடமாகப் படம் எடுக்கிறவன் சார். பறவைகள், கோயில் கோபுரங்கள், அப்படி. எங்கள் அபார்ட்மெண்டில் எல்லாருக்கும் அது தெரியும். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முப்பத்தாறு வீடுகள். நான்தான் சங்கத்தின் செயலாளர். கேட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "ஹேமநாத் சார் பாத்துப்பாரு" என்று என்னிடமே விட்டுவிட்டார்கள்.

குரோம்பேட்டையில் கடை வைத்திருக்கும் அசார் இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். ஒன்று எட்டு மெகாபிக்சல். இன்னொன்று நாலுதான், ஆனால் டைனமிக் ரேஞ்ச் அதிகம். அசார் நேர்மையான ஆள். லேப்டாப்பைத் திருப்பி வைத்து எனக்கே பாடம் எடுத்தார்.

"சார், இந்த கேட்டு கெழக்க பாத்து இருக்கு. காலைல ஆறரைலேந்து எட்டு வரைக்கும் வெயில் நேரா கேமராக்குள்ள அடிக்கும். எட்டு மெகாபிக்சல்ல போட்டா ரோடு பளிச்சுனு தெரியும், ஆளு மூஞ்சி கருப்பாயிடும். இந்த நாலுல ரெண்டுமே தெரியும். இதயே போட்டுருங்க சார்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் சொல்லும் முன்பே எனக்கு அது தெரியும்.

ஆனால் கூட்டத்தில் நான் மதியம் பன்னிரண்டு மணிப் படத்தைத்தான் காட்டினேன். எட்டு மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கி, எதிர்வரிசையில் நின்றிருந்த ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டை வாசித்தேன். எல்லாரும் அசந்துபோனார்கள். காலைப் படத்தைக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

அங்காளம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனையூர் குப்பத்திலிருந்து தினமும் காலையில் ஷேர் ஆட்டோவில் மீன் கொண்டுவருகிறவள். மூன்று வருடமாக எங்கள் கேட்டுக்கு உள்ளேயே அன்னக்கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிடுவாள். செதில்கள் என் காரின் கண்ணாடிவரை பறந்து ஒட்டும். குடல் கிடந்த இடத்தில் ஈ மொய்க்கும். தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவாள். ஆனால் அந்தத் தண்ணீர் சிமெண்டில் ஊறி, பத்து மணி வெயிலில் மேலே எழும்பி வரும். இரண்டாவது மாடியில் என் படுக்கையறைத் திரைச்சீலையில் அந்த வாடை இருந்தது. தலையணை உறையிலும் இருந்தது. என் மனைவி ஒன்றும் இல்லை என்றாள். மூக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை.

நான் மீன் சாப்பிடாதவன் அல்ல. சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து வருவதை வாங்குகிறவன்.

அவளிடம் ஒரு முறை மரியாதையாகத்தான் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் சிரித்தாள். "இன்னா சார் நீ, தெனம் மூக்க பொத்திக்கினு போற? கடல்லேந்து வந்த மீனு சார். மல்லிப்பூ வாசனையா வரும்?" சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவளுக்குத் தடை விதிக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். முப்பத்தாறில் ஐந்து பேர்தான் கை தூக்கினார்கள். எதிர்வீட்டு ஜோதிலட்சுமி எழுந்து, "அவங்க வரலைன்னா என் பொண்ணு சோறே சாப்பிட மாட்டா சார்" என்றாள். அவள் மகள் ஓவியாவுக்கு ஆறு வயது. நெத்திலி வறுவல் என்றால் உயிர்.

அந்தத் தீர்மானம் தோற்ற மறுமாதம்தான் கேமரா வந்தது. அப்போது என் மனதில் திட்டம் என்று எதுவும் இல்லை. எது எனக்கு வசதி என்று மட்டும் தெரிந்திருந்தது.

அங்காளம்மா வந்ததும் கூடையை வைத்துவிட்டு, வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் வாளி பிடிக்கப் போவாள். நாலு நிமிடம் ஆகும். அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் நடைப்பயிற்சி முடித்துத் தலையில் துண்டோடு வந்தேன். கூடைமேல் குனிந்தேன். எலிக்கென்று வாங்கி வைத்திருந்த மருந்து. பெரிய மீன்களைத் தலையை வெட்டிப் பலமுறை அலசுவார்கள். அதனால் நெத்திலியில் கலந்தேன். அளவு குறைவுதான். நாலு வீட்டில் வாந்தி எடுப்பார்கள், மீன் கெட்டுப்போனது என்பார்கள், அவள் வருவது நின்றுவிடும். மூன்று வருடமாகப் பேசியும் நடக்காதது ஒரே நாளில் நடந்துவிடும். யாரையும் கொல்ல வேண்டும் என்று நினைத்தவன் இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டான், இல்லையா சார்?

மூன்று வீடுகளில் பெரியவர்களுக்கு வாந்தி வந்து நின்றது. ஓவியாவுக்கு நிற்கவில்லை.

அவளுடைய அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஜோதிலட்சுமி என் கதவைத்தான் தட்டினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் என் சட்டையின் வலது கைமேல் முழுக்க வாந்தி எடுத்தாள். நெத்திலி வாடை, புளித்துப்போய், சூடாக. நான் அவளைக் கீழே போடவில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று இரவே ஓவியா போய்விட்டாள். மறுநாள் எல்லாரும் கேமராப் பதிவைப் பார்த்தார்கள். ரோடு பளிச்சென்று இருந்தது. போகிற ஆட்டோவின் எண்கூடப் படிக்கும்படி இருந்தது. கேட்டுக்குள் ஒரு கருப்பு உருவம், தலையில் துணியோடு, கூடைமேல் குனிந்து நிமிர்ந்தது. "அவதான், முந்தானைய போத்திக்கினு கீறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவளை முடியைப் பிடித்து இழுத்து உங்கள் ஜீப்பில் ஏற்றியபோது, ஒரு செருப்பு கேட்டருகே கிடந்தது. அதை ஒரு குச்சியால் தள்ளிவிட்டேன்.

நீங்கள் அசாரை விசாரித்தது சரியான வேலை. "முகம் தெரியாது என்று படித்துப் படித்துச் சொன்னேன், ஹேமநாத் சார்தான் பரவாயில்லை என்றார்" என்று அவர் சொல்லியிருக்கிறார். உண்மை. மறுக்க எதுவும் இல்லை. மருந்து கலந்தது நான். அங்காளம்மா அல்ல.

இன்னும் ஒன்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் வெளியே ஓடிவந்து கேட்டார். "குழந்தை உள்ள என்ன போயிருக்குன்னு யாருக்காவது தெரியுமா? பேர் தெரிஞ்சா உடனே மாத்து மருந்து குடுக்கலாம்." ஜோதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் டாக்டருக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். டப்பாவின் நிறம்கூட நினைவில் இருந்தது.

கைகழுவும் இடம் எங்கே என்று கேட்டேன்.

சொல்லக் கூடாது என்று போகவில்லை சார். கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்றுதான் போனேன். மூன்று முறை சோப்புப் போட்டேன். அந்த வாடை சீக்கிரம் போகிற வாடை இல்லை.