ஏரிக்குள்ளிருந்து விசில்

ஆவடி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் இருந்தார்கள். அக்காளின் கணவர் உடன் வரவில்லை. போர் நடந்த கடலில் அவர் வேலை பார்த்த சரக்குக் கப்பல் எரிந்தபோது, குதித்த ஆறு பேரில் பிழைத்தவர் அவர் மட்டும் என்று அவர்கள் பேச்சில் தெரிந்தது.

"மாமா இன்னும் பருத்திப்பட்டு ஏரிக்கரைல விசில் ஊதிகினுதான் கீறாரா?"

"சாயந்தரமானா போதும். வேலைக்கும் போறதில்ல. லைஃப் ஜாக்கெட்ல இருந்த விசில்டா அது."

"புடுங்கி ஏரில போடுக்கா."

"போட்டேன், போன வாரம்."

"அப்பறம் இன்னா?"

"இப்ப ஏரிக்குள்ளேர்ந்து ஊதுறாங்க."

தம்பி சிரித்தான். "மாமாகூட சேந்து உனக்கும் கழண்டுகிச்சா?"

அக்காள் சிரிக்கவில்லை. "நேத்து, கூட குதிச்சவங்க கூப்புடுறாங்கன்னு இடுப்பளவு தண்ணிக்குப் போயிட்டாரு. இழுத்துகினு வரும்போது எனக்கும் கேட்டுச்சுடா. நாளைக்கே ஊட்ட காலி பண்றோம்."

"திடீர்னு போனா ஓனரு அட்வான்ஸ் குடுக்க மாட்டாரே?"

"வச்சிக்கட்டும். அறுபதாயிரந்தானே."