மணிக்கு ஒரு வட்டு

ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் வீடியோவை டிவிடிக்கு மாற்றும்போது பலரும் கஞ்சத்தனம் செய்வார்கள். மூன்று மணி நேரப் பதிவை ஒரே வட்டில் அமுக்குவார்கள். முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். பதிவானது பதிவானபடியே வர வேண்டுமென்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு வட்டு. அதற்குக் குறைந்து வழியில்லை.

ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியின் அண்ணனுக்கு இதெல்லாம் புரியாது. "சின்னதாக்கி போன்ல அனுப்பிடுங்க மாப்ளே. மூஞ்சி தெரிஞ்சாப் போதாதா?" என்று கேட்டவர் அவர். தங்கையைத் தபால்தலை அளவில் பார்த்துத் திருப்திப்படுகிறவர், இன்று என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்.

என்னுடைய மூன்று மணி நேரப் பதிவில் இருப்பது எங்களுக்குத் திருமணமான முதல் ஆண்டு. நுரையீரல் கெடுவதற்கு முந்தைய அவள். வேறு பிரதி கிடையாது. அது இருந்த டிவிடி ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். காதை வைத்துக் கேட்டார்.

"இழுத்துக்கிட்டு கெடக்கு சார். ஓடுறப்பவே காப்பி எடுத்துடுங்க. ஒரு தடவ நின்னுச்சுன்னா மறுபடி சுத்தாது. அப்புறம் எங்கிட்ட வந்து ஒப்பாரி வைக்கக் கூடாது."

அன்று பிற்பகலே தொடங்கினேன். வட்டுக்கு இருபது நிமிடம். முதல் வட்டு பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. வீட்டில் ஒரே ஒரு சின்ன யுபிஎஸ். ரெக்கார்டரும், அவளுடைய ஆக்ஸிஜன் இயந்திரமும் அதில்தான். இரண்டையும் தாங்காமல் அது கத்தியது. சில நொடிகளில் இரண்டுமே அணைந்திருக்கும். மாற்று சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. இயந்திரம் இல்லாமல் பத்து நிமிடம் தாங்குவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வட்டு முடியவும் பத்து நிமிடம்தான் இருந்தது. அவளுடைய பிளக்கைக் கழற்றினேன்.

முதல் வட்டு முடிந்தது. அவள் கையைத் தூக்கினாள். உதடு நீலமாக இருந்தது.

"ஏங்க... போட்டுடுங்க. முடியல."

"இன்னும் ரெண்டே ரெண்டுதான்மா."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"நீதான்."

இரண்டாவது வட்டைப் போட்டேன். அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். வந்தவர்கள் முதலில் எந்தப் பிளக்கைப் பிடுங்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பிடுங்கியது நான். திரும்பச் செருகாமல் இருந்ததும் நான். மூன்றாவது வட்டும் முடிந்தபிறகு செருகினேன். அதற்குள் இயந்திரத்துக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளைக் கவனிக்காமல் சாகவிட்டேன் என்று மச்சான் எழுதிக் கொடுத்திருப்பது பச்சைப் பொய். அந்த வரியை அடித்துவிடுங்கள். முதல் வட்டு சுத்தமாக வந்திருக்கிறதா என்று லேப்டாப்பில் போட்டு, அந்த நாற்பது நிமிடமும் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன்.