புதர்மேல் உலர்ந்த விரிப்பு

— எல்லாத்தையும் பிடுங்கிக்கோ, ஃபிர்மின். உன் ஜன்னலுக்கு எதிர்ல இருக்கிற அந்தக் கடைசி வரிசையை மட்டும் விட்டுடு. இல்லேன்னா நாளைக்கு டிராக்டருக்குக் குறுக்கே நிப்பேன்.

— நில்லு, ஒனொரின். கெழட்டு லாவெண்டர். ஒரு சொட்டு எண்ணெய் வடியாது. அதுமேல உனக்கென்ன அவ்வளவு பாசம்?

— நாப்பது வருஷமா என் வீட்டுத் துணி அதுமேலதானே காயுது! கொடியில காஞ்ச விரிப்புல எனக்குத் தூக்கம் வருமா?

— அலமாரியில ரெண்டு கொத்து வெச்சுக்கோ.

— பூச்சியை விரட்ட அது போதும். எனக்குப் போதாது. பள்ளிக்கூடத்துக்கு உங்கம்மா உன் காதுக்குப் பின்னாடி இந்த எண்ணெயைத் தடவி அனுப்புவாங்களே, ஞாபகமிருக்கா? ஒரு பேன் கிட்ட வராது.

— நீயும்தான் கிட்ட வரமாட்டே.

— மூணு பெஞ்சுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் மணத்தியே! ஆனா அடுப்புல என் கை வெந்தப்போ, அதே எண்ணெய்ச் சீசாவோட ஓடி வந்தது நீதான். இதோ பாரு, தழும்புகூட இல்ல.

— பழசைப் பேசி என்னை மயக்காதே.

— அப்போ நிஜக் காரணத்தைச் சொல்லு. எண்ணெய் வரலேங்கறதெல்லாம் சாக்கு.

— என் பொண்டாட்டி அதேல் படுக்கையில கிடந்தாளே, அந்தக் கடைசிக் கோடை. திங்கக்கிழமை தவறாம நீ ஒரு விரிப்பை அந்தப் புதர்மேல மறந்துட்டுப் போவே...

— மறந்தேனாம்! வேணும்னேதான் விட்டேன். மார்சேய் பட்டணத்துல வளர்ந்தவ, வந்த புதுசுல புதர்ல துணி காயறதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் அந்த வாசனை இல்லாம அவளுக்குத் தூக்கமே வரலியே.

— எடுத்துப் போய் விரிச்சேன். முகத்தைப் புதைச்சுக்கிட்டு, 'நீயேவா துவைச்சே?'ன்னா. ஆமான்னுட்டேன். அவ்வளவு வலியிலயும் பாராட்டினா, ஒனொரின். வாராவாரம் பாராட்டினா. நானும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன்.

— அதுக்கென்ன?

— அதுக்கென்னவா? சாகப்போறவகிட்டப் பொய் சொன்னேன். சர்ச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணியும் ஆறல. ஜன்னலைத் திறந்தா அந்த வரிசை கண்ணுல குத்துது.

— அதான் பிடுங்கறியா?

— அதான்.

— உக்காரு. சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். என் விரிப்பு ஒவ்வொண்ணுலயும் மூலையில சிவப்பு நூலால என் பேரோட முதலெழுத்து தச்சிருக்கும். உனக்கு அதெல்லாம் எங்கே கண்ணுல படும்? அவ முதல் வாரமே பாத்துட்டா. என்னைக் கூப்பிட்டு, 'காட்டிக் குடுத்துடாதே, எனக்காக ஏதோ செஞ்சுட்டோம்னு இந்த மனுஷன் முகத்துல ஒரு சந்தோஷம் தெரியுது, அடுத்த திங்களும் ஒண்ணு விட்டுட்டுப் போ'ன்னா.