இருபது எண்ணுவதற்குள்

சுருளிராஜன்: ...சும்மா நில்லு பாண்டி. ஓடைத் தண்ணிய அளக்க வந்த இஞ்சினியரு நம்மளயே பாக்குறாரு.

பாண்டீஸ்வரி: நின்னுக்கிட்டுத்தான இருக்கேன். அந்த டிரம்மப் பாத்தாத்தான் பதட்டமா இருக்கு.

சுருளிராஜன்: ஒனக்கென்ன பதட்டம்? டிரம்மு நெறையணுமேன்னு பதற வேண்டியவன் நான்ல.

பாண்டீஸ்வரி: நெறையலேன்னாத்தான் என்ன மாமா... வீட்டுக்கு ஒரு சோலார் தட்டு குடுத்துருவாகள்ல.

சுருளிராஜன்: தட்டு என்னத்துக்கு ஆகும்? ரெண்டு பல்பு எரியும். இருபது எண்ணுறதுக்குள்ள டிரம்மு ரொம்பிட்டா ஓடையில கரண்டு மிஷினு வப்பாக. ஊருக்கே கரண்டு. மாவு மில்லு ஓடும், டிவி ஓடும்...

பாண்டீஸ்வரி: டிவிப் பொட்டியே இன்னும் வாங்கல. அதுக்குள்ள ஓடுதாக்கும்.

சுருளிராஜன்: சிரிக்காத. மிஷினப் பாத்துக்கிற வேல எனக்குன்னு சொல்லியிருக்காக. மாசச் சம்பளம். எத்தன நாளைக்கு ஊரான் தோப்புல இலவங்காய் பறிக்கிறது?

பாண்டீஸ்வரி: அடிவாரத்துல இருந்து கம்பி இழுத்துட்டா இந்தக் கூத்தே இல்ல...

சுருளிராஜன்: காட்டுக்குள்ள போஸ்ட்டு நட விடமாட்டோம்னு பாரஸ்ட்டுக்காரக சொல்லிட்டாகள்ல. இருக்கிறது இந்த ரெண்டு வழிதான். இரு... ஓடைத் தண்ணி பூராத்தையும் குழாய்ல விட்டு டிரம்முல பிடிக்கிறாரு. கைக்கடியாரத்தப் பாக்குறாரு. ஒண்ணு... ரெண்டு...

பாண்டீஸ்வரி: மாமா, பங்குனியில இந்த ஓடை நூலாட்டம் ஆயிருமே. அப்ப மிஷினு எதுல சுத்தும்?

சுருளிராஜன்: எண்ணிக்கிட்டு இருக்கேன்ல... ஏழு... எட்டு...

பாண்டீஸ்வரி: பங்குனியிலதான நம்ம பிள்ள வருசநாட்டுல போயிப் பத்தாவது பரீட்ச எழுதணும். மண்ணெண்ண வெளக்குல படிச்சுப் படிச்சு கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு.

சுருளிராஜன்: அதுக்குள்ள மழ பெய்யும்... பதிமூணு... பதினாலு... என்ன இது, பாதிகூட ஏறல?

பாண்டீஸ்வரி: தண்ணி அம்புட்டுத்தான் போல.

சுருளிராஜன்: அதெப்பிடி அம்புட்டுத்தான்... பத்தொம்பது... இருபது. போச்சு. அரை டிரம்மு.

பாண்டீஸ்வரி: விடுங்க மாமா...

சுருளிராஜன்: எப்பிடி விட? இங்கன வா, மெல்லப் பேசு. நேத்துப் பொழுது சாய, பதினஞ்சு வீட்டு ஆம்பளைகளும் போயி அவக அவக வாய்க்கால மண்ணப் போட்டு அடைச்சோம். தோட்டத்துக்குப் பிரியிற தண்ணியும் ஓடைக்கே வரணும்னு. பொம்பளைகளுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேச்சு.

பாண்டீஸ்வரி: பொய்க்கணக்கு காட்டி வாங்குன மிஷினு பங்குனியில நின்னு போச்சுன்னா, தட்டுக் குடுக்க இந்தச் சாரு திரும்ப மலையேறி வருவாரா?

சுருளிராஜன்: ஏய்... நீ வாய்க்காலத் தொறந்து விட்டியா?

பாண்டீஸ்வரி: நம்மது ஒண்ணத்தான் நான் தொறந்தேன் மாமா. மத்த பதினாலையும் விடியறதுக்கு முன்னாடியே அந்தந்த வீட்டுக்காரிக தொறந்துட்டாக.